ஹல்டா என்று எழுதிய மிதவை

எங்கள் ஊர்த் துறையில் ஒருவன் பாய்மரப் படகு வைத்திருந்தால், அவன் பாஸ்டனிலிருந்து கோடைக்கு வந்த டாக்டராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த டாக்டரின் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். மெய்ன் கரையில் பிறந்தவர்களுக்குப் படகு என்றால் எஞ்சின், சிங்கிறால் கூண்டு, டீசல் நாற்றம். காற்றை நம்பி, அதுவும் சும்மா சுற்றிப் பார்ப்பதற்காக, கடலுக்குப் போகிறவர்களைக் கண்டால் எங்கள் ஆண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்படியிருக்க, மத்தி டப்பா ஆலையில் எனக்குப் பக்கத்தில் நின்று கத்தரிக்கோலால் மீன் தலை வெட்டிக்கொண்டிருந்த லெட்டி ஸ்ப்ரேக், "பாய்ப் படகு ஒண்ணு வாங்கிட்டேன்டி எல்வா" என்று சொன்னபோது நான் என் விரலையே வெட்டிக்கொண்டேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது.

லெட்டிக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. நெட்டை உருவம், ஆண்பிள்ளைக் கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அம்மா போனபிறகு வீட்டில் அவளும் ஒரு வானொலியும்தான். வாயைத் திறந்தால் ரெண்டு வார்த்தை. அந்த ரெண்டும் முள்ளாக இருக்கும்.

படகு, ஹார்லன் என்பவருடைய படகுப் பட்டறையில் மூன்று குளிர்காலமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. எவரெட் பென்னிமன் என்று பேங்கர் நகரத்துப் பள்ளி வாத்தியார் ஒருவருடையது. கோடை விடுமுறை தொடங்கினால் தனியாக வருவார், பாயை ஏற்றிக் கிழக்கே போவார், பள்ளி திறக்கும்போது திரும்புவார். யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவிக்கு ஹார்லன் போன் செய்தபோது அந்த அம்மாள், "கொளுத்திப் போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். நல்ல மரத்தை யார் கொளுத்துவார்கள்? ஹார்லன் லெட்டிக்குக் கொடுத்துவிட்டார்.

படகின் பின்புறத்தில் பச்சை எழுத்தில் ‘ஹல்டா’ என்று இருந்தது.

"இதென்ன கெழவி பேரு? மாத்திடப் போறேன்," என்றாள் லெட்டி.

"மாத்தாத," என்றார் ஹார்லன். "பேர் மாத்தின படகு உருப்படாதுன்னு எங்கப்பா சொல்வாரு."

"உங்கப்பா ஓட்டின மூணு படகும் முழுகிப்போச்சே."

"அதத்தான் சொல்றேன். மூணுக்கும் பேர மாத்தினாரு."

பேர் அப்படியே இருந்தது.

முதல் கோடையில் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. துறையில் கூண்டு ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அவள்தான் சினிமா. "லெட்டி, துணி காயப்போட கயிறு நல்லா நீளமாத்தான் இருக்கு!" என்று ஒருவன் கத்தினால், "உன் ஜட்டிய தொவச்சு எடுத்துட்டு வா முதல்ல" என்று பதில் போகும். ஆனால் அவள் விடவில்லை. கோடை முடிவதற்குள் காற்றுக்குப் பாயைக் கொடுக்கக் கற்றுக்கொண்டாள். அதைவிட, படகை நிறுத்தக் கற்றுக்கொண்டாள். "ஓட்டறது யாரும் ஓட்டலாம்டி. நிக்கிறதுதான் கஷ்டம்" என்பாள். எங்கள் கரையில் கடல் ஒரு மாடி உயரம் ஏறும், ஒரு மாடி உயரம் இறங்கும். காலையில் குளம் மாதிரி கிடக்கிற இடம் மத்தியானம் பாறைக்காடாக நிற்கும். அவள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, எத்தனை பாகம், அதாவது எத்தனை ஆள் கைவிரிப்பு, ஆழம் என்று பார்ப்பாள். குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்பு தடவியிருக்கும். மேலே வரும்போது அதில் மணல் ஒட்டியிருக்கிறதா, சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்தும் பார்ப்பாள். கறுத்த சேறு என்றால் முகம் மலர்ந்துவிடும். "இது புடிச்சா விடாது" என்று நங்கூரத்தை இறக்குவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிப் போவாள். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் யாருக்குமே தெரியாது. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் தெரிந்தும் பிரயோஜனமில்லை.

இரண்டாம் கோடை, ஆகஸ்ட் மாதம். மீன் வரத்து நின்றுபோய், ஆலைச் சங்கு ஊதவில்லை. வேலைக்குக் கூப்பிடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, "கிழக்க போலாமா? ஒரு வாரம்?" என்றாள். என் புருஷன் கேரல், பேப்பரிலிருந்து தலை எடுக்காமல், "போயிட்டு வா. என் டார்ச்ச மட்டும் தொடாத" என்றார்.

முதல் ரெண்டு நாள் வெயில். ஒவ்வொரு மாலையும் ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டு, பீன்ஸ் சூடாக்கிச் சாப்பிட்டு, சீட்டு ஆடினோம். மூன்றாம் நாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே மூடுபனி வந்தது. எங்கள் பக்கத்து மூடுபனி மெல்ல வராது. திரும்பிப் பார்ப்பீர்கள், சுவர் நிற்கும். மறுபடி திரும்புவதற்குள் நீங்கள் அதற்குள் இருப்பீர்கள். படகின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பின்னால் சுக்கானைப் பிடித்திருந்த லெட்டி தெரியவில்லை. அவள் குரல் மட்டும் வந்தது.

"பயப்படாத. டார்பெல் தீவு பக்கத்துலதான் இருக்கு. வரைபடத்துல வடக்குப் பக்கம் ஒரு குடா காட்டுது. உள்ள போய் நின்னுக்கலாம்."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல. கல்லு வெட்டற குவாரி இருந்துச்சு. மூடி அம்பது அறுபது வருஷம் ஆச்சு. ஊதுகொம்ப ஊதிட்டே இரு."

ஊதினேன். பனிக்குள் கொம்புச் சத்தம் எங்கே போகிறது என்றே தெரியாது. வாயிலிருந்து வெளியே விழுந்து செத்துப்போகிற மாதிரி இருக்கும். காற்றும் அநேகமாக நின்றுவிட்டது. பாய் ஈரத்தில் தொங்க, கடல் ஏறுகிற ஓதத்தின் இழுப்பில்தான் படகு நகர்ந்தது.

அப்போது கேட்டது. டங், டங், டங். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டங், டங், டங்.

"மணி மிதவையா?" என்றேன்.

"மணி மிதவை அலைக்கு ஏத்தபடி தாறுமாறா அடிக்கும்," என்றாள் லெட்டி. "இது ஆளு. யாரோ தகரத்த தட்டறாங்க."

நான் கொம்பை ஊதினேன். தட்டல் வேகமானது. ஊதி நிறுத்தினேன். அது நிதானமானது. லெட்டி சுக்கானைத் திருப்பினாள். சத்தம் நேர் எதிரே வந்தது. எங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி இருந்தது. ஈயக்குண்டை இறக்கினேன்: ஆறு பாகம். பிறகு ஐந்து. நான்கு. கொழுப்பில் கறுத்த சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் பாறையில் தண்ணீர் வழிகிற சத்தம். குடாவுக்குள் வந்துவிட்டோம். இந்த மாதிரி இடத்தில் கருஞ்சேறு கிடைத்தால் லெட்டி வாயெல்லாம் பல்லாக நங்கூரத்துக்குப் போவாள். ஆனால் அவள் போவதற்குள் எனக்கு எதிரே, நீட்டினால் கை தொடும் தூரத்தில், ஒரு மிதவை வந்து நின்றது.

பெரிய கட்டுமிதவை. கடலடியில் பெருங்கல்லைப் போட்டு, அதிலிருந்து சங்கிலியை மேலே கொண்டுவந்து, படகு கட்டுவதற்காக வைத்திருப்பார்களே, அது. புதிதாக வெள்ளை அடித்திருந்தது. அதன்மேல் பச்சை எழுத்தில் ஹல்டா என்று எழுதியிருந்தது.

"லெட்டி, இங்க வா. வந்து பாரு."

அவள் வந்தாள். குனிந்து பார்த்தாள். மிதவையிலிருந்து தொங்கிய கயிற்றை எடுத்து விரலால் தடவினாள். எங்கள் தண்ணீரில் ஒரு கயிற்றை ஒரு மாதம் சும்மா விட்டால் தாடி முளைத்துவிடும். அந்தக் கயிற்றில் பாசியே இல்லை.

"திரும்பிப் போயிடலாம்டி," என்றேன்.

"எங்க போறது? எதிர்ல பாறையா தண்ணியான்னு தெரியல."

"நங்கூரம் போடு. இதத் தொடாத."

"நங்கூரம் போட்டா படகு சுத்த எடம் பத்தாது. நம்ம படகு பேர்தானே போட்டிருக்கு? நம்ம எடம்."

கயிற்றை இழுத்து அணியத்துக் கட்டையில் சுற்றினாள். சுற்றி முடித்த அந்த நொடியில் தகரச் சத்தம் நின்றது.

காதில் என் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு கரையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கூப்பிடுகிற குரல் இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி, சாதாரணமாக:

"எவரெட், தண்ணி கொதிக்குது."

லெட்டி என் கையைப் பிடித்தாள். அவள் யாரையும் பிடிக்கிறவள் இல்லை. "எவரெட் பென்னிமன்," என்றாள் மெதுவாக. "அந்த வாத்தியார்."

"அவர் செத்துட்டாரே."

"அது அந்தம்மாவுக்குத் தெரியாது போல."

நான் படகிலேயே இருந்துவிடுகிறேன் என்றேன். "இரு. தனியா இரு" என்று லெட்டி சிறு தோணியைத் தண்ணீரில் இறக்கினாள். தனியாக இருப்பதை நினைத்துப் பார்த்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். அவள் துடுப்பு போட, கூழாங்கல் கரையில் போய் முட்டியது. தோணியை மேலே இழுத்துக் கல்லில் கட்டினோம். கரையிலிருந்து ஒரு பாதை மேலே போனது. ஓரத்தில் கைப்பிடியாகக் கயிறு கட்டியிருந்தது. பாதையில் புல்லை வழித்திருந்தார்கள். ஏறினோம். பனிக்குள்ளிருந்து கல் வீடு ஒன்று வெளியே வந்தது. கதவு திறந்திருந்தது.

வாசலில் ஆண்பிள்ளை பூட்ஸ் ஒரு ஜோடி. எண்ணெய் தடவி, முனை உள்பக்கம் பார்க்க வைத்திருந்தது. ஆணியில் ஆண்பிள்ளைக் கோட்டு. மேஜையில் ரெண்டு தட்டு, ரெண்டு கோப்பை. அடுப்பில் மீனும் உருளைக்கிழங்கும் பாலும் சேர்த்த சூப் மணத்தது. அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி ஒரு கிழவி நின்றிருந்தாள். பின்னல் இடுப்புவரை தொங்கியது.

"நாலு கால் நடக்குது," என்றாள், திரும்பாமல். "எவரெட்டுக்கு ரெண்டுதான்."

"அம்மா, என் பேர் லெட்டி ஸ்ப்ரேக். இவ எல்வா. பனியில வழி தெரியாம வந்துட்டோம்."

கிழவி திரும்பினாள். கண் ரெண்டிலும் பால் ஊற்றின மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. "இல்ல. அது ஹல்டா. என் பேர் வெச்ச படகு. அந்தப் பாய்க்கட்டை உருளை முனகறது எனக்குத் தெரியும்."

"ஆமாங்க. ஹல்டாதான். இப்ப என்கிட்ட இருக்கு."

"வித்துட்டானா?"

லெட்டிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு அவள் முதலில் உட்கார்ந்தாள், கையை மேஜைமேல் வைத்தாள், பிறகுதான் சொன்னாள். "அவர் இறந்துட்டாருங்க. நாலு வருஷமாகப் போவுது. குளிர்காலத்துல. மாரடைப்பு. கஷ்டப்படலன்னு சொன்னாங்க."

ஹல்டா கெட்டிலை இறக்கி வைத்தாள். தடவி நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். அழவில்லை. மடியிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்:

"அப்ப போன செவ்வாக்கெழம வந்தது யாரு?"

போன செவ்வாய்க்கிழமை அந்தப் படகு எங்கள் துறையில் கட்டிக் கிடந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

"எப்படி வந்தாரு?" என்று லெட்டி கேட்டாள். பிள்ளையிடம் விசாரிக்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"எப்பவும் போலத்தான். பனி எறங்கினா நான் தகரத்த எடுத்துட்டுப் போய்த் தட்டுவேன். கொம்பு கேக்கும். உருளை முனகும். கயிறு கட்டற சத்தம் கேக்கும். தண்ணி கொதிக்குதுன்னு சொல்லிட்டு மேல வந்துடுவேன். அப்புறம் துடுப்புச் சத்தம். எடப்பக்கத் துடுப்பு கொஞ்சம் தட்டும், ஆணி தளர்ந்தது, சரி பண்ணவே மாட்டான். தோணி கல்லுல ஒரசும். அவ்வளவுதான். மேல ஏறி வரமாட்டான். வெளிய போய்ப் பாத்தா எனக்குத் தெரியவும் தெரியாது. பனி விலகறப்ப போயிடுவான்." துணியை மடித்தாள். "கோவமா இருக்கான்னு நெனச்சேன். கடைசியா போறப்ப நான்தான் வாயக் கொடுத்துட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"பேங்கர்ல பொண்டாட்டி இருக்கா. அது எனக்கு எப்பவும் தெரியும். அந்த வருஷம் என்னமோ தாங்கல. 'போ, அவகிட்டயே இரு. நானா கூப்பிடாம இந்தப் படி ஏறாத'ன்னுட்டேன்."

லெட்டி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கிழவி ரெண்டு பேரையும் பார்க்காமல் அடுப்புப் பக்கம் முகத்தை வைத்திருந்தாள்.

அப்போது கீழே, குடாவில், துடுப்புச் சத்தம் கேட்டது.

பொய் சொல்லவில்லை. ஒரு வீச்சு, ஒரு தட்டு. ஒரு வீச்சு, ஒரு தட்டு. எங்கள் தோணி கரையில், கல்லில் கட்டிக் கிடந்தது. கட்டியது நான். சத்தம் அவசரமில்லாமல் நெருங்கியது. தோணி கூழாங்கல்லில் உரசியது. பிறகு கல்மேல் ஒரு காலடி, இன்னொரு காலடி. நின்றுவிட்டது.

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ‘லெட்டி, கதவச் சாத்து’ என்று சொல்ல நினைத்தேன்.

"கேக்குதா?" என்றாள் ஹல்டா.

"கேக்குதுங்க," என்றாள் லெட்டி.

"உனக்குமா?"

"எனக்கும்," என்றேன் எப்படியோ.

கிழவியின் முகத்தில் ஒன்று நடந்தது. இத்தனை வருஷம் தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவள் பயந்திருக்க வேண்டும். அந்தப் பயம் இறங்கியதைப் பார்த்தேன்.

"நீங்க கூப்பிடலயே," என்றாள் லெட்டி. "நீங்க கூப்பிடாம ஏறக்கூடாதுன்னு சொன்னீங்க. அவரு ஏறல."

ஹல்டா எழுந்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள், ஆள் வந்திருக்கும்போது பெண்கள் செய்வார்களே, அப்படி. வாசல்வரை போனாள். ஒரு கை நிலையில். "எவரெட்," என்றாள். "மேல வா." பனிக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. காலடியும் இல்லை. கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, "எப்பவும் நான்தான் எறங்கி வரணும் இவனுக்கு" என்று முணுமுணுத்தபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையில் இறங்கிப் போனாள். நான் பின்னால் எழுந்தேன். லெட்டி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கீழே அவள் பேசுவது கேட்டது. வார்த்தை புரியவில்லை. ஒரு குரல்தான், ஆனால் நடுநடுவே நிறுத்தி, கேட்டு, பதில் சொல்கிற மாதிரி. ஒருதரம் சிரித்தாள். லெட்டி ஊற்றி வைத்த டீ ஆறி மேலே ஆடை படியும்வரை அவள் வரவில்லை. வந்தபோது பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டவள் போல ஒரு நொடி நின்றாள்.

"சூப்பு ஆறுது," என்றாள். "உக்காந்து சாப்பிடுங்க."

சாப்பிட்டோம். அந்த ரெண்டு தட்டில்தான். எனக்கு இறங்கவில்லை. லெட்டி ரெண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு லெட்டி மட்டும் தோணியைப் பார்க்கக் கீழே போனாள். "எல்வா, சீக்கிரம் வா!" என்று கத்தினாள். நான் விழுந்தடித்து ஓடினேன். ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் தோணிக்குப் பக்கத்தில், கூழாங்கல்லில் இன்னொரு தோணியை இழுத்த தடம் இருந்தது என்றாள். நான் போனபோது அந்த இடத்தில் தண்ணீர். இருந்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. இல்லை என்றும் முடியாது.

அன்று பிற்பகலே பனி விலகியது. குடா அவ்வளவு அழகான இடம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை வெண்டல் என்ற சிங்கிறால்காரர் படகில் வந்தார். ஏழு மைல் தள்ளியிருந்த ஊர்க்காரர். ஹல்டாவுக்கு மண்ணெண்ணெயும் மாவும் கொண்டுவருபவர் அவர்தான். மிதவையைக் குளிர்காலத்துக்கு முன்னால் எடுத்து, வசந்தத்தில் மறுபடி போட்டு, பெயின்ட் அடிப்பவரும் அவரே. கயிற்றை மாதாமாதம் சுரண்டுவதும் அவர் வேலைதான்.

"வராத படகுக்கு ஏங்க மிதவை?" என்று லெட்டி கேட்டாள்.

"கெழவி கேக்குது, போடறேன். எழுத்து மங்கிடுச்சா பாரு வெண்டல்னு வருஷா வருஷம் கேக்கும்." கடலில் துப்பினார். "பனியில நான் இந்தப் பக்கம் வர்றதில்ல. தெளிஞ்ச நாள்ல வந்தா மிதவை காலி. ஆனா சில நாள் அந்தக் கயிறு நேராத் தொங்காம சுருண்டு கெடக்கும். இப்பத்தான் யாரோ அவுத்துப் போட்டுட்டுப் போன மாதிரி."

"யாருன்னு பாக்கலயா?"

"எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும்மா."

நாங்கள் ஊர் திரும்பினோம். ஆலைச் சங்கு ஊதியது, வேலை தொடங்கியது. நான் கேரலிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. லெட்டி அந்தச் செப்டம்பரில் தனியாக ரெண்டு தரம் டார்பெல்லுக்குப் போய் வந்தாள். மூன்றாம் தரம் திரும்பியபோது படகில் ஹல்டா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பூனை, காலடியில் ஒரு இரும்புச் சட்டி. தன் பேர் வைத்த படகில் அவள் அதுவரை ஏறினதே இல்லையாம். எவரெட் கூப்பிட்டபோதெல்லாம் கடல் ஆகாது என்று மறுத்துவிட்டாளாம். வழியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, துறையில் இறங்கியதும், "நான் சொன்னேன்ல?" என்றாள், யாரிடம் என்று தெரியவில்லை.

இனி பனிக்காக அங்கே காத்திருக்கத் தேவையில்லை என்று ஹல்டாவே சொன்னாளாம். அன்றைக்குப் பிறகு பனி இறங்கிய நாட்களில் அவள் தகரம் தட்டினாள், ஒன்றும் வரவில்லை. "பேசி முடிச்சாச்சு" என்றாளாம்.

மூன்று குளிர்காலம் லெட்டி வீட்டுச் சமையலறையில் இருந்தாள். ரெண்டு பேரும் பூனை மாதிரி சண்டை போடுவார்கள். அடுப்பில் கட்டை அதிகம், குறைவு, பீன்ஸில் இனிப்பு போதாது, வானொலி சத்தம். நான் ஒருநாள் ஆலையில் லெட்டியிடம் கேட்டேன். "ஏன்டி, ஒறவா மொறையா? இந்த வயசுல எதுக்கு இந்தச் சுமை?"

வெட்டிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்குக் கரையிலேர்ந்து தண்ணி கொதிக்குதுன்னு ஒரு குரல் வந்துச்சே. என் பொறப்புல எனக்காக யாரும் தண்ணி கொதிக்க வெச்சதில்ல, எல்வா. அது எனக்கு இல்லதான். ஆனாலும் நான்தானே போய்க் குடிச்சேன்?"

ஹல்டா ஒரு மார்ச் மாதம், தூக்கத்தில் போனாள். தீவில் புதைக்கச் சொல்லியிருந்தாள். தரை இளகட்டும் என்று காத்திருந்து, மே மாதம் பாதிரியாரோடு வெண்டல் படகில் கொண்டுபோனோம். அன்றைக்குப் பளிச்சென்று வெயில். எனக்கு அது பெரிய நிம்மதி. வெண்டல் மிதவையை அந்த வருஷம் போடவில்லை. அதற்கப்புறமும் போடவில்லை.

லெட்டி இன்னும் பல கோடை படகு ஓட்டினாள். துறையில் கேலி செய்தவர்கள், மகன்களுக்கு நங்கூரம் போடுவதைக் காட்டுவதற்கு, "அந்தம்மா நிறுத்தறதப் பாருடா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கிழக்கே போகும்போதெல்லாம் டார்பெல் குடாவில் ஒரு ராத்திரி தங்குவாள். குறுக்கலான இடம்தான். நங்கூரத்தை ரெண்டு பக்கமும் போட்டு, படகு சுற்றாமல் பார்த்துக்கொள்வாள். சிலசமயம் அவள் போன நாட்கள் பனி நாட்களாக இருந்தன என்று பிற்பாடு தெரிந்தது. என்ன கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முழங்கால் ரெண்டும் போனபிறகு, எல்ஸ்வொர்த்திலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவருக்குப் படகைக் கொடுத்துவிட்டாள். கொடுத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் வழக்கம்போல வந்து என் சமையலைக் குறை சொன்னாள்.

இப்போது நான்தான் அவளை மச்சாயஸுக்கு ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போகிறேன். எனக்குக் கேரல் இல்லை, அவளுக்கு யாரும் இல்லை. ரெண்டு கிழவிகள், ஒரு கார். கடலோரமாக ஒரு வளைவு இருக்கிறது. போன வாரம் அங்கே போகும்போது பனி சாலைமேல் ஏறியது.

"ஓரமா நிறுத்துடி," என்றாள்.

நிறுத்தினேன். எஞ்சினையும் அணைத்தேன். அவள் கண்ணாடியை இறக்கினாள். ஈரக்காற்று உள்ளே வந்து எங்கள் மடியில் உட்கார்ந்தது. கையைக் கோத்துக்கொண்டு, முகத்தைக் கடல் பக்கம் வைத்து, எதற்கோ காது கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எவ்வளவு நேரம் போனதோ. கடைசியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்தாள்.

"சரி, எடு வண்டிய," என்றாள். "கடை சாத்தறதுக்குள்ள முட்டை வாங்கணும்."